வில்லின் நுனிப் பாரம்

மாடசாமியை வில் செய்ய வைத்தது காட்டுப் பன்றிதான். அதற்கு முன்னால் அவன் கையில் வில்லைக் கண்டவர்கள் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் இல்லை. இலங்கையில் எழுபத்தொன்றாம் ஆண்டு இளைஞர்கள் கிளர்ந்த குழப்பத்துக்குப் பிறகு ஊரில் இருந்த துவக்குகளைப் பொலிஸ் வாங்கி அடுக்கிவிட்டது. பூனாகலைக்குக் கீழே கிராமத்தில் வேட்டைத் துவக்கு வைத்திருந்த ஒரே மனிதரும் அதைப் பண்டாரவளையில் கொடுத்துவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மனிதர்களுக்கு அதனால் என்ன நன்மை வந்ததோ தெரியாது. பன்றிகளுக்கு நல்ல காலம் பிறந்தது.

எழுபத்து நாலில் கூப்பனுக்குத் தரும் அரிசி சுருங்கியது, கோதுமை மாவு கண்ணில் படுவதே அபூர்வமாயிற்று. பாண் ரொட்டிக்காக விடியமுன் வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த வருஷம் லயத்து வரிசை வீட்டுச் சனத்தின் வயிற்றில் விழுந்ததெல்லாம் மரவள்ளிக் கிழங்குதான். மாடசாமிக்கும் ஓடைக்கரையில் ஒரு துண்டு மரவள்ளி இருந்தது. அதில் பாதியை ஓர் ஒற்றைப் பன்றி கிளறிப் போட்டது. தின்றது கொஞ்சம், நாசமாக்கியது மிச்சம். முள்வேலி போட்டான், தகரம் தட்டினான், நெருப்பு மூட்டினான். பன்றி இவனை ஒரு மனிதனாகவே மதிக்கவில்லை.

அப்போதுதான் வில் என்ற எண்ணம் அவன் தலைக்குள் வந்தது. கித்துள் மரத்தின் கறுத்த வைரத்தைப் பிளந்து ஆள் உயரத்துக்கு ஒன்றைச் செதுக்கினான். நாணுக்கு ஹாலிஎலையில் ஸலீம் நானாவின் கடையில் நைலோன் கயிறு வாங்கினான். பன்றிக்கு வில் என்று கேள்விப்பட்ட ஸலீம் நானா, பன்றி விஷயத்தில் தனக்கு லாபமும் வேண்டாம் நட்டமும் வேண்டாம் என்று சிரித்தபடி அளந்து கொடுத்தார். தேய்ந்த கவ்வாத்துக் கத்தியை அடித்து அம்புக்கு முனை செய்தான். எல்லாம் சரி, வில்தான் சரியில்லை. பெரிய வில் பெரிதாக அடிக்கும் என்ற கணக்கில் நடுவிலிருந்து இரண்டு நுனி வரைக்கும் ஒரே அகலமாக, கட்டை கட்டையாக விட்டிருந்தான். நாணை விட்டால் அம்பு சோம்பேறி மாதிரிக் கிளம்பும். வில் மட்டும் அவன் இடது கையை உலுக்கி எடுக்கும். தோள் வரைக்கும் அதிரும். சத்தமோ கதவை அறைந்த சத்தம். அந்தச் சத்தம் போய்ப் பன்றியின் காதில் விழுந்த பிறகுதான் அம்பு போய்ச் சேரும். அதற்குள் பன்றி அங்கே நின்றுகொண்டிருக்குமா?

மாடசாமி கவ்வாத்து வேலைக்காரன். வருஷக் கணக்காகத் தேயிலைச் செடியை வெட்டி வெட்டி அவன் மணிக்கட்டுக்குத் தனியாக ஒரு புத்தி வந்திருந்தது. முனையில் பாரம் கூடிய கத்தி, கிளையை வெட்டி முடித்த பிறகும் நிற்காது, கையையும் இழுத்துக்கொண்டு போகும். சாயந்திரம் மணிக்கட்டு வீங்கிவிடும். வில்லும் அப்படித்தானே என்று ஒரு நாள் மலையில் நிற்கும்போது தோன்றியது. வில்லில் அதிக தூரம் ஓடுவது நுனிதான். அம்பு போன பிறகும் நுனியில் ஓட்டம் மிச்சமிருக்கிறது. நாண் அதைப் பிடித்து நிறுத்தும்போது அந்த மிச்சம் எங்கே போகும்? பிடித்திருக்கிற கையில்தான் வந்து விழும். அம்புக்குக் கொடுக்க வேண்டியதை நுனிக் கட்டை தின்றுவிட்டு, மீதியால் தன் கையை அடிக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது.

உடைந்த போத்தல் கண்ணாடியால் நுனிகளைச் சுரண்டத் தொடங்கினான். முதல் வில்லில் ஆசை மிஞ்சி அளவுக்கு மேல் சுரண்டி, நாண் உட்காரும் வெட்டில் விரிசல் விட்டுப் போயிற்று. அடுத்ததில் பொறுமையாக இருந்தான். நுனியைச் சுண்டுவிரல் பருமனுக்குக் கொண்டுவந்து, ஆழமாக வெட்டாமல், நாண் தங்க ஒரு சின்னத் தோள் மட்டும் விட்டு, அதற்குக் கீழே நூலைச் சுற்றிக் கட்டினான். இழுத்துப் பார்த்தான். கடைசி வரைக்கும் ஒரே சீராக வந்தது. விட்டான். கையில் ஒன்றுமே தெரியவில்லை. அம்பு போய் வாழைத்தண்டில் இறகு வரைக்கும் புதைந்திருந்தது. நாண் மெதுவாக ஒரு தரம் முனகி அடங்கியது. மாடசாமிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சிலருக்குக் கள், சிலருக்குச் சீட்டு, இவனுக்கு இது. அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் வாழைத்தண்டுக்கு முன்னால் போய் நின்றுவிடுவான். பன்றியை நினைத்தா விடுகிறான், அந்தக் கை சுகத்துக்காகவா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. இருளாயிக்கு ஒரு சக்களத்தி வந்துவிட்டாள் என்று லயத்துப் பெண்கள் கேலி பண்ணினார்கள். இருளாயியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

இருளாயி அவனுடைய அக்காள் மகள். அவனுக்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அப்போது அவள் மாசமாக இருந்தாள். இதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள். மூத்தது அழாமலே பிறந்தது. இரண்டாவது தொப்புள்கொடி விழும் வரைக்கும் இருந்துவிட்டுப் போனது. இரண்டையும் மாடசாமிதான் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தான். இந்த மூன்றாவது வயிற்றைப் பற்றி இருவரும் வாய்விட்டுப் பேசுவதே இல்லை. பேசினால் கண் பட்டுவிடுமோ என்ற பயம்.

ஏழாம் மாதம் பிறந்த அன்று அவள் முனியாண்டிச் சாமிக்கு நேர்ந்து முடிந்தாள். ஒரு ரூபாய் நாணயக் குற்றி, ஒரு விரலி மஞ்சள், கொஞ்சம் திருநீறு, எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் வைத்து எலுமிச்சங்காய் அளவுக்கு இறுக்கி முடிந்தாள். அவள் தாய்வழியில் ஒரு வழக்கம் உண்டு. வயிற்றுப் பிள்ளைக்காக முடிவதை வீட்டுக்குச் சோறு போடுகிற ஆயுதத்தில்தான் கட்ட வேண்டும், அதுவும் அதன் உச்சியில், அதற்கு மேலே வேறொன்றும் இருக்கக் கூடாது. அவள் தாய் கவ்வாத்துக் கத்தியின் பிடிக் கொண்டையில் கட்டினாள். கத்திக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த வருஷம் வீட்டுக்குச் சோறு போடுவது கத்தியா? கத்தி கொண்டுவரும் சம்பளத்துக்குக் கடையில் வாங்க ஒன்றுமில்லை. மரவள்ளிதான் சோறு, அதைக் காப்பது வில். இருளாயி வில்லை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள். மேல் நுனியில் முடிச்சைக் கட்டினாள், சூடம் கொளுத்தினாள், கும்பிட்டாள். மாடசாமியும் பக்கத்தில் நின்று மனதாரக் கும்பிட்டான். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவன் கும்பிடாமல் என்ன செய்வான்?

மறுநாள் வாழைத்தண்டுக்கு ஓர் அம்பு விட்டதும் அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. பழைய உதறல் திரும்ப வந்திருந்தது. மேல் நுனி ஓடி முடிக்காமல் அந்தரத்தில் ஆடியது. அம்பு கீழே சரிந்து மண்ணில் குத்தியது. மாதக் கணக்காகச் சுரண்டிச் சுரண்டி எடுத்த பாரத்தை, அதே இடத்தில், ஒரே சாயந்திரத்தில் திரும்ப வைத்துக் கட்டிவிட்டாள்.

அன்று அடுப்படியில் உட்கார்ந்து மெல்லப் பேச்செடுத்தான்.

"அந்த முடிச்சப் புடியில கட்டிக்கிறேனே புள்ள. புடிகிட்ட எம்புட்டுப் பாரம் இருந்தாலும் வில்லுக்குத் தெரியாது. நுனியில இருந்தாத்தான் கெடுக்குது."

இருளாயி கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"கை அழுக்கு படுற எடத்துலயா சாமிக்கு முடிஞ்சதக் கட்டுவாக? புள்ள பொறந்து அழுகுற வரைக்கும் அத அவுக்க மாட்டேன்னு சொல்லித்தான் கட்டியிருக்கேன். ஒங்களுக்குத் தெரியாததா மாமா?"

அவனுக்குத் தெரியும். அவள் தூங்கும்போது அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டலாமே என்று ஒரு நினைப்பு வராமல் இல்லை. வந்த உடனேயே அதைத் தள்ளிவிட்டான். அந்த முடிச்சுக்குள் இருந்தது அவன் பிள்ளை.

பிறகு அவன் செய்த வேலை இருக்கிறதே, அதைத்தான் மன்னிக்க முடியாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சரியாகிவிடும் என்று, தராசுக்குப் படிக்கல் வைக்கிற புத்தியோடு, கீழ் நுனியிலும் ஓர் ஈயத் துண்டைக் கட்டினான். ஆட்டம் நின்றது, உண்மைதான். அம்பு குறியை விட்டு விலகவில்லை. ஆனால் இப்போது இரண்டு நுனியும் சேர்ந்து அம்பின் வேகத்தைத் தின்றன. வாழைத்தண்டில் இறகு வரைக்கும் போன அம்பு இப்போது விரல் நீளம்தான் இறங்கியது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, குறி தப்பவில்லை, அது போதும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அடுத்த கிழமை, பனி மூடிய ஒரு விடியலில், வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்குப் போகும் முன் மரவள்ளிக் கொல்லைக்கு இறங்கினான். பன்றி நின்றது. பக்கவாட்டில் உடம்பைக் காட்டிக்கொண்டு கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது. இழுத்து விட்டான். அம்பு குறி வைத்த இடத்திலேயே, முன்னங்காலுக்குப் பின்னால் பட்டது. பட்டு என்ன? தோலையும் கொழுப்பையும் தாண்டி உள்ளே போக அதற்குத் தெம்பில்லை. பன்றி ஒரு தரம் கத்தியது. அம்பைத் தொங்கவிட்டபடி மானாப்புல்லை முறித்துக்கொண்டு ஓடை வழியே மேலே ஏறி ஓடியது. ரத்தம் சொட்டிய தடத்தைப் பார்த்துக்கொண்டே போனவன் நாலாம் நம்பர் மலையின் அடியில் போய் நின்றான். தடம் அங்கே புதருக்குள் நுழைந்திருந்தது. அன்றைக்குக் கொழுந்து எடுக்கிற மலை அதுதான் என்று முந்தின நாளே எல்லோருக்கும் தெரியும். இருளாயியும் அங்கே கொழுந்து நிரையில்தான் நிற்பாள்.

பன்றி நல்ல உடம்போடு இருக்கும்போது மனிதனைக் கண்டால் விலகிப் போகும். காயம் பட்டால் தேடி வரும். மாடசாமி லயத்துக்கு ஓடினான். நடந்ததைச் சொன்னான், இன்றைக்கு வேலைக்குப் போகாதே என்றான். இருளாயி, செடிப் பனி நனைக்காமல் இருக்க இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பேரும் சம்பளமும் குறைந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னாள்.

"முனியாண்டி நம்ம பக்கம் நிக்கிறாரு மாமா. வில்லுல முடிஞ்சு வச்சிருக்கேன்ல. எனக்கு ஒண்ணும் ஆகாது."

அந்த முடிச்சால்தான் அம்பு இறங்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்த ஆண்பிள்ளைக்கு மனம் வரும்?

பெரட்டில் பெரியண்ணன் கங்காணியைத் தனியாகக் கூப்பிட்டு, நாலாம் நம்பர் அடியில் பன்றி நிற்கிறது, பெண்களை மேலேயே எடுக்கச் சொல்லுங்கள் என்றான். பன்றி எந்த மலையில்தான் இல்லை, துரை கேட்கிற கொழுந்தைப் பன்றியா தேயிலை ஸ்டோருக்குக் கொண்டுவந்து கொடுக்கும் என்று கங்காணி சிரித்துவிட்டுப் போனார். காயம் பட்ட பன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் சிரித்திருக்க மாட்டார். மாடசாமி அந்த வார்த்தையை விழுங்கிவிட்டான். யார் காயப்படுத்தியது, எதைக் கொண்டு என்று கேள்வி வரும். லயத்துக்குள் இருந்த வில் பேச்சு பொலிஸ் வரைக்கும் போகும். குழப்ப வருஷத்தில் வெடிமருந்து வைத்திருந்தான் என்று பக்கத்துத் தோட்டத்தில் ஒருவனைப் பொலிஸ் கொண்டுபோய், பல் இல்லாமல் திருப்பி அனுப்பியதை அவன் பார்த்திருக்கிறான். தன் பல்லுக்குப் பயந்து பெண்சாதியைப் பன்றி படுத்திருக்கும் மலைக்கு அனுப்பினான் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். பின்னால் அவனும் தனக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

வயிற்றுவலி என்று வேலையைப் போட்டுவிட்டு, வில்லோடு ஓடை வழியாக ஏறினான். வழியில் கீழ் நுனியில் இருந்த ஈயத்தை அறுத்து எறிந்தான். அது அவன் கட்டியது, எறியலாம். மேல் நுனியை அவன் பார்க்கவே இல்லை. நாலாம் நம்பர் மலையின் ஓரத்தில், பெண்கள் தெரிகிற இடத்தில், மானாப்புல்லுக்குள் குந்தினான்.

வெயில் ஏறிப் பனி கலைந்தது. பெண்கள் நிரை நிரையாகக் கீழ்நோக்கி எடுத்து வந்தார்கள். இருளாயி கடைசி நிரையில், வயிறு செடியில் இடிக்காமல் இருக்கப் பக்கவாட்டாகத் திரும்பித் திரும்பி நகர்ந்துகொண்டிருந்தாள். கூடை கனத்து முதுகில் தொங்கியது.

பன்றி புதருக்குள்ளிருந்து சத்தமில்லாமல் வந்தது. முதலில் பார்த்த பெண் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். மற்றவர்களும் கத்திக்கொண்டு மேலே ஏறினார்கள். இருளாயியால் ஏற முடியவில்லை. படங்கு செடியில் சிக்கிக்கொண்டது. பன்றி தலையைத் தாழ்த்திக்கொண்டு அந்த நிரைக்குள்ளேயே நுழைந்தது. அம்பு அதன் விலாவில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

மாடசாமி எழுந்து நின்று அம்பைத் தொடுத்தான். அந்தக் கணத்தில் அவன் மணிக்கட்டுக்கு எல்லாம் தெரிந்தது. இந்த அம்பும் சரிந்து போகும். பட்டாலும் இறங்காது. இறங்காவிட்டால் அவள் இல்லை, வயிற்றில் இருப்பதும் இல்லை. வில்லைச் சாய்த்து நுனியை வாய்க்குக் கொண்டுவந்தான். முடிச்சைப் பல்லால் கவ்வி, அதைக் கட்டிய நூலோடு சேர்த்துக் கடித்து இழுத்தான். துணி கிழிந்தது. திருநீறு நாக்கில் பட்டது. துப்பிவிட்டு நாணை இழுத்தான்.

கடைசி வரைக்கும் ஒரே சீராக வந்தது. விட்டது அவனுக்கே தெரியவில்லை. கை அசையவில்லை. நாண் மெதுவாக முனகியது. பன்றி அப்படியே முன்னங்கால் மடிந்து, உருண்டு வடிகால் கானுக்குள் விழுந்து, இரண்டு தரம் உதைத்து அடங்கியது. அம்பின் இறகு மட்டும் தோலுக்கு வெளியே தெரிந்தது. மாடசாமி கையிலிருந்த வில்லைப் பார்த்தான். அந்த மெல்லிய நுனி வெயிலில் கறுப்பாக மினுங்கியது. அதன் பிறகுதான் ஓடிப் போய் இருளாயியைப் பிடித்துத் தூக்கினான். அவளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

பொலிஸும் வரவில்லை, விசாரணையும் வரவில்லை. பன்றியின் அளவைப் பார்த்ததும் பெரியண்ணன் கங்காணிக்கு வில் கண்ணில் படவில்லை. பின்னங்கால் அவர் வீட்டுக்குப் போயிற்று. மிச்சத்தை லயம் லயமாகப் பங்கு போட்டார்கள். மாதக் கணக்காகக் கிழங்கைத் தவிர வேறொன்றும் காணாத பிள்ளைகள் எலும்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் குதித்தன. மாடசாமியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் புகழ்ந்தார்கள். பெண்சாதியைக் காப்பாற்றினான், ஆம்பிள்ளை என்றால் இவனல்லவா என்றார்கள். அவன் சிரித்து வைத்தான். இருளாயி கறியைத் தொடவில்லை. குமட்டுகிறது என்றாள்.

பொழுது சாயும்போது இஸ்தோப்புத் திண்ணையில் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். முடிச்சைப் பற்றி அவனாகவே சொல்லிவிட நினைத்து வார்த்தை தேடினான். அவள் அவனுக்கு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பல்லால் கடித்ததைப் பார்த்தேன் என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

அவன் மளமளவென்று பேசினான். வேறு வழி இல்லை, அம்பு இறங்கியிருக்காது, நீ செத்திருப்பாய், முனியாண்டிக்குத் தெரியும், நாளைக்கே புதிதாக முடிந்து உச்சியில் கட்டுவோம், இனி வில்லே வேண்டாம், உடைத்து அடுப்பில் வைத்துவிடுகிறேன். எல்லாம் உண்மைதான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எனக்காகத்தான் கடிச்சீங்கன்னு எனக்கும் தெரியும் மாமா," என்றாள். "ஆனா பன்னி விழுந்த ஒடனே நீங்க என்னயப் பாக்கல. வில்லத்தான் பாத்தீங்க. ரொம்ப நாளாக் காணாம இருந்ததக் கண்டாப்புல பாத்தீங்க."

மாடசாமிக்கு உள்ளங்கையில் அந்த அசைவின்மை இன்னும் இருந்தது. பல் துணியில் பட்ட அந்த நேரத்தில் அவனுக்குள் பயம் இருந்தது, அவள் இருந்தாள், பிள்ளை இருந்தது. அப்பாடா என்று ஒரு சந்தோஷமும் இருந்தது. முடிச்சைக் கட்டிய நாளிலிருந்து அவன் அதைக் கடித்து எறியத்தான் காத்திருந்தானா? இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவன் உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான்.

இருளாயி அவன் முகத்தை விட்டுப் பார்வையை எடுத்தாள். இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"புள்ள பொறந்து அழுதுச்சுன்னா, இதப் பத்தி நான் ஒரு நாளும் கேக்க மாட்டேன்," என்றாள்.

அழாவிட்டால் என்ன கேட்பாள் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பிள்ளை பிறக்க இன்னும் கிட்டத்தட்ட மூன்று மாதம் இருந்தது.